பதினாலாவது பேர்

பதினாலு பேர் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் பதிமூன்று பேர்தான் நின்றார்கள்.

கலைமகள் டீச்சர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், பிள்ளைகளை மறுபடி எண்ணினாள். பதிமூன்றேதான். வெளியே கார்த்திகை மழை. பத்தாம் வகுப்பு பி பிரிவின் ஜன்னலுக்குக் கதவு இல்லாததால் ஓரத்துப் பிள்ளைகள் சாரலுக்குப் பயந்து நடுவே நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலினப் பிள்ளைகளின் அரசு உதவித்தொகை விவரத்தை மாலை நாலு மணிக்குள் கணினியில் ஏற்றியாக வேண்டும். காலையிலிருந்து தலைமை ஆசிரியர் மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஆதார் நகல் இருந்தால் பாஸ்புக் இல்லை, பாஸ்புக் இருந்தால் சாதிச் சான்றிதழ் இல்லை. இந்த வேலையை இருபத்தாறு வருடமாக அவள் ஒரே மாதிரிதான் செய்துவந்தாள். உதவித்தொகைப் பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்கள் என்பாள், தலையை எண்ணுவாள், காகிதத்தை வாங்குவாள், உட்காரச் சொல்வாள். ஐந்து நிமிட வேலை. இதைவிடச் சுருக்கமான வழி அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

"ஒண்ணு கொறையுது. யாரு அது?" என்றாள்.

யாரும் அசையவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பட்டியலில் விரலை ஓட்டினாள். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

"செம்மொழி! உன் பேரும் இருக்கே. எந்திரி. பாஸ்புக் ஜெராக்ஸ் எங்க?"

மூன்றாவது பெஞ்சின் நடுவில் இருந்த செம்மொழி உடனே எழுந்திருக்கவில்லை. ஒரு பக்கம் மங்களாம்பிகை, இன்னொரு பக்கம் ஹுமைரா. ஜூன் மாதத்திலிருந்து மூன்று பேரும் அந்த பெஞ்சை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. செம்மொழி மேசையைப் பார்த்தபடியே மெதுவாக எழுந்தாள்.

"கொண்டாரல டீச்சர்."

"அதான பாத்தேன். பதினாலாவது பேரு உன்னோடது. உன் ஒருத்திக்காக மத்த பதிமூணு பேரும் நிக்கணுமா?"

மங்களாம்பிகை தலையை நிமிர்த்தித் தன் பக்கத்தில் நின்றவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். ஆறு மாதமாக ஒரே குடையில் பள்ளிக்கு நடந்து வந்தவளை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கலைமகள் அதைக் கவனிக்கத்தான் செய்தாள். கவனித்ததை மனசில் வாங்கிக்கொள்ள நேரமில்லை. நாலு மணிக்குள் எண்பது காகிதம் ஏற்ற வேண்டும்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ள யாரும் சாதியைக் கேட்பதில்லை. அது நாகரிகமில்லை. எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள். மேலத்தெரு என்றால் ஒன்று, காலனித்தெரு என்றால் ஒன்று, வாய்க்கால்கரை என்றால் இன்னொன்று. அதற்குப் பிறகு கேட்க எதுவும் மிச்சமிருக்காது. செம்மொழி முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஜூனில் வந்து சேர்ந்தவள். அவள் அம்மா அம்சம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நிலையத்துக்குப் பின்னாலேயே வீடு. எந்தத் தெரு என்று கேட்டவர்களிடமெல்லாம் செம்மொழி குவார்ட்டர்ஸ் என்று சொன்னாள். அது பொய்யுமில்லை. குவார்ட்டர்ஸ் எந்தத் தெருவிலும் சேராது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஆறு மாதம் நிம்மதியாகப் படித்திருக்கிறாள். நாலு மணிக் கெடுவுக்காகக் கலைமகள் டீச்சர் அவளை அதிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள். வேண்டுமென்று செய்திருந்தால் ஏன் என்று கேட்க ஒரு ஆளாவது வந்திருக்கும். அசதியில் செய்ததை யார் கேட்கப்போகிறார்கள்?

சாயங்காலம் நீடாமங்கலம் பஸ்ஸுக்காக நின்றபோது போன் வந்தது. மங்களாம்பிகையின் அப்பா பஞ்சநதம். மேலத்தெருக்காரர், இருபது ஏக்கர் சம்பா நிலம், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். பள்ளியில் மோட்டார் பழுதானாலும் சுற்றுச்சுவர் இடிந்தாலும் முதலில் அவருக்குத்தான் சொல்வார்கள்.

"டீச்சர், பஞ்சநதம் பேசறேன். சௌக்கியமா? ஒண்ணுமில்ல, நம்ம மங்காவுக்குக் கொஞ்ச நாளா போர்டு சரியாத் தெரியலையாம். முன் பெஞ்சுல போட்டுடுங்களேன்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே எழுதுனா சார்?"

"எனக்கு அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் கெடையாது டீச்சர். உங்களுக்கே தெரியும். வீட்டுல அவ அம்மாதான் ஒரு மாதிரி நெனைக்கிறா. எதுக்கு வம்பு? பத்தாவது வேற. படிக்கிற வருசம்."

எந்த மாதிரி என்று அவள் கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பள்ளிக் கழிவறைக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று அடுத்த வாரம் இதே மனிதரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

"சரி சார், பாக்கறேன்" என்று ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் உயரத்தைப் பார்த்து இடம் மாற்றுகிறேன் என்று அறிவித்தாள். சந்தேகம் வரக்கூடாதென்று மங்களாம்பிகையோடு இன்னும் நாலு பேரையும் மாற்றினாள். மங்காவுக்குப் பார்வைக் குறைவு என்று செம்மொழியிடம் தனியாக ஒரு காரணமும் சொன்னாள். பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்தாள் என்றால், அவள் அத்தனை வருடம் பாடம் நடத்தியதே வீண். மங்களாம்பிகை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், முன் பெஞ்சுக்குப் போனாள்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாணவர்களிடையே பாகுபாடும் வெறுப்பும் தலையெடுக்காமல் தடுக்கும் பொருட்டு, வரும் திங்கட்கிழமை எல்லாப் பள்ளிகளிலும் உறுதிமொழி எடுக்க வேண்டும், புகைப்படத்தை அன்றே அனுப்ப வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியை என்பதால் பொறுப்பு கலைமகளுக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புகைப்படத்தில் பேனர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தலைமை ஆசிரியர் இரண்டு தடவை சொன்னார்.

செம்மொழி அந்த வாரம் திங்களும் செவ்வாயும் வரவில்லை. புதனும் வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்திருந்தது. புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹுமைரா வராந்தாவில் வந்து நின்றாள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாத பிள்ளை.

"டீச்சர், செம்மொழிக்குக் காய்ச்சல் இல்ல."

"பின்ன?"

"பசங்க அவளப் பதினாலுன்னு கூப்பிடறாங்க."

கலைமகளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அவ உள்ள வந்தா ஒருத்தன் ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிப்பான். எல்லாரும் சேந்து பதிமூணு வரைக்கும் எண்ணிட்டு நிறுத்திடுவாங்க. அப்புறம் அவளப் பாப்பாங்க. சிரிக்கக்கூட மாட்டாங்க டீச்சர், சும்மா பாப்பாங்க."

"எழுந்து நின்னவனுங்க பதிமூணு பேரு இருக்கானுங்களே. அவங்களும் எண்ணுறாங்களா?"

"ரெண்டு பேரு எண்ணுறாங்க. எண்ணலன்னா அவங்களுக்கும் நம்பர் வெச்சிடுவாங்கல்ல?"

"மங்கா?"

ஹுமைரா கொஞ்சம் யோசித்தாள். "அவ எண்ண மாட்டா டீச்சர். ஆனா பாப்பா."

சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அதற்கு வழி உண்டு. பெற்றோரை வரவழைக்கலாம், எழுதி வாங்கலாம், இடைநீக்கம் செய்யலாம். ஒன்றிலிருந்து பதிமூன்று வரை எண்ணியதற்கு எந்த விதியில் என்ன தண்டனை இருக்கிறது? வாய்பாடு சொன்னோம் டீச்சர் என்பார்கள். அந்த எண்ணும் அவர்களாகக் கண்டுபிடித்ததில்லை. அவள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை அம்சம் வந்தாள். பணிச் சீருடையிலேயே வந்திருந்தாள், கைப்பையில் தடுப்பூசிப் பதிவேடு துருத்திக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியரின் அறையில் உட்காராமல் நின்றபடியே டி.சி. கேட்டாள்.

"குடுக்கறது பெரிசில்லம்மா" என்றார் அவர். "பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பேர்ப்பட்டியல் போயாச்சு. இந்த நேரத்துல எந்த ஸ்கூல்லயும் சேத்துக்க மாட்டாங்க. ஒரு வருசம் வீணாயிடும்."

"ஆகட்டும் சார்."

கலைமகள் அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே கணக்கு ஆசிரியர் வளவன் மட்டும் கணினி முன்னால் இருந்தான். இவர்கள் வந்ததும் எழப் பார்த்தான். கலைமகள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவன் அவளிடம் படித்தவன், இப்போது அதே பள்ளியில் வேலை. எதையும் அவனுக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாள்.

"சிஸ்டர், எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் நானும் கேட்டேன். லிஸ்டுல பேரு இருந்துச்சு."

"நாங்க அந்த உதவித்தொகைக்கு அப்ளையே பண்ணல டீச்சர்." அம்சம் சத்தம் போடவில்லை. மாத்திரை எப்போது போட வேண்டும் என்று நோயாளியிடம் சொல்கிற குரல்தான். "நான் கவர்மென்ட் சம்பளம் வாங்கறேன். வருமான வரம்புக்கு மேல. வேணாம்னு சேக்கறப்பவே எழுதிக் குடுத்திருக்கேன்."

கலைமகள் வளவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏதோ தட்டிப் பார்த்தான். "சாதிக் கட்டத்த மட்டும் வெச்சு லிஸ்ட மொத்தமா எடுத்திருக்கு டீச்சர். வருமானத்த யாரும் சரிபாக்கல" என்றான். சரிபார்க்க வேண்டியது வகுப்பு ஆசிரியர் என்பதை அவன் சொல்லவில்லை.

ஆக, அந்தப் பதினாலாவது பெயர் பட்டியலிலேயே இருந்திருக்கக் கூடாது. ஒரு உபயோகமும் இல்லாத காரியத்துக்காக ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தியிருக்கிறாள்.

"போன மாசம் மேலத்தெருவுல ஒரு பொண்ணு ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள பிள்ள பெத்துச்சு" என்றாள் அம்சம். "நான்தான் தொப்புள்கொடி வெட்டுனேன். அன்னைக்கு யாரும் என் தெருவக் கேக்கல. அப்புறமா கேட்டாங்க. எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு டீச்சர். என் பொண்ணுக்குப் பழகக் கூடாதுன்னுதான் ஊருக்குள்ள வீடு பாக்காம அந்த ஒழுகற குவார்ட்டர்ஸ்ல கெடக்கறேன்."

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க சிஸ்டர். கையெடுத்துக் கேக்கறேன்."

"திங்கக்கிழமை காலையில வர்றேன். எழுதி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை உள்ளே தள்ளிப் பையை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்த பிறகு கலைமகள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"நான் வேணும்னா செஞ்சேன், வளவா?"

"இல்ல டீச்சர்."

"எத்தனையோ வருசமா இப்படித்தானே செய்யறோம்."

"ஆமா டீச்சர்" என்றான் வளவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னையும் இப்படித்தான் எந்திரிக்கச் சொன்னீங்க."

அவள் நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"இதே பத்து பி. பதினோரு பேரு நின்னோம். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நான் கிரிக்கெட்ல ஓப்பனிங் பேட்ஸ்மேன்."

"நான் உனக்கு நல்லதுதானேப்பா செஞ்சேன்..."

"நீங்கதான் டீச்சர் ப்ளஸ் டூவுக்குப் புத்தகம் வாங்கிக் குடுத்தீங்க. அதையும் மறக்கல. இதையும் மறக்கல."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு அழவாவது செய்திருக்கலாம். அன்று பஸ்ஸில் போகும்போது அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. வளவனுக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்பது வரை நினைவிருக்கிறது. அவளுக்கு அது இன்னொரு மத்தியானம், அவ்வளவுதான். வருடத்துக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தாறு வருடத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்த வருடங்களில் தன் சாதி என்ன என்று வகுப்பில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்காக அவள் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை குவார்ட்டர்ஸுக்குப் போனாள். மழை விட்டிருந்தது, சம்பாப் பயிர் முழங்கால் உயரத் தண்ணீரில் நின்றது. வடிகாலில் வெங்காயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் டீச்சருக்கு வணக்கம் சொன்னார்கள். அம்சம் பணிக்குப் போயிருந்தாள். செம்மொழி கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உக்காரும்மா, உக்காரு" என்றாள் கலைமகள் அவசரமாக. "தப்பு என் மேல. திங்கக்கிழமை கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"வேணாம் டீச்சர்."

"ஏம்மா?"

"நீங்க மன்னிப்புக் கேட்டா யாரும் உங்களப் பாக்க மாட்டாங்க. என்னையத்தான் திரும்பிப் பாப்பாங்க."

கலைமகள் இதை யோசித்திருக்கவில்லை. இரண்டு நாளாக அந்த மன்னிப்பை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். அதைக் காதில் வாங்கப்போகிறவளைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

"எண்ணுனவனுங்களக் கண்டிக்கிறேன்."

"கண்டிச்சாலும் அதேதான் டீச்சர். என்னைய யாரும் பாக்காம இருந்தாப் போதும். உள்ள வர்றப்ப, முன்னல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. அந்த மாதிரி."

"ஒரு வருசம் போயிடும்மா."

"தெரியும். அம்மா சொன்னாங்க." செம்மொழி புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். பிறகு கேட்டாள்: "மங்காவுக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னீங்களே டீச்சர். கண்ணாடி போட்டுட்டாளா?"

அந்தப் பிள்ளை நிஜமாகத்தான் கேட்டாளா, குத்திக் காட்டினாளா என்று கலைமகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வருகிறேன் என்று எழுந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று பஞ்சநதத்துக்குப் போன் செய்தாள்.

"சார், திங்கக்கிழமைலேர்ந்து மங்கா பழைய பெஞ்சுலயே உக்காரட்டும்."

"கண்ணு தெரியலன்னு சொன்னேனே டீச்சர்."

"நீடாமங்கலத்துல கண்ணாடிக் கடை இருக்கு சார். கூட்டிட்டுப் போங்க."

பஞ்சநதம் டிராக்டரை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டிவிட்டு மறுபடி பேசினார்.

"உங்களுக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் எத்தன வருசம் டீச்சர்?"

"நாலு சார்."

"நல்லபடியாப் போகட்டும். திங்கக்கிழமை உறுதிமொழிக்கு எச்.எம். கூப்பிட்டிருக்காரு. வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

பெஞ்சை மாற்றுவது அவள் கையில் இருந்தது. வகுப்பில் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளின் கண்ணை மாற்றுவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மைதானத்தில் எழுநூறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஈரத் தரையில் செருப்பெல்லாம் சேறு. பேனர் கட்டிய மேடையில் தலைமை ஆசிரியர், அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் பஞ்சநதம். வளவன் கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கலைமகள் தட்டச்சு செய்த தாளோடு மைக் முன்னால் வந்தாள். செம்மொழியின் டி.சி. கையெழுத்துப் போடப்பட்டு அலுவலக மேசையில் இருந்தது.

"வலது கையை நீட்டுங்க. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். உறுதிமொழி!"

"உறுதிமொழி!" என்றது மைதானம்.

"சாதி, மதம், மொழி, பாலினம் ஆகிய..."

"சாதி, மதம், மொழி, பாலினம் ஆகிய..."

அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அம்சம் ஓட்டிவந்திருந்தாள், பின்னால் செம்மொழி. பிள்ளைகள் எல்லாம் மேடையைப் பார்த்து நின்றதால் அவர்களுக்குத் தெரியவில்லை. கலைமகளுக்கு மட்டும் நேராகத் தெரிந்தது. அவள் தாளில் அடுத்த வரியைத் தேடினாள். எவ்வித வேறுபாடும் பாராட்டாது என்று இருந்தது. அதைப் படிக்க வாய் வரவில்லை. அவள் பாராட்டிய வேறுபாடு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றது.

"இந்தத் தாள்ல இருக்கறது கெடக்கட்டும்" என்றாள், மைக்கில்.

"இந்தத் தாள்ல இருக்கறது கெடக்கட்டும்!" என்றது மைதானம்.

சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். வாக்காளர் நாள், டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று வாரம் ஒன்று வரும். கை நீட்டியிருக்கும்வரை காதில் விழுவது எதுவானாலும் வாயில் வரும். சின்னப் பிள்ளைகள் வரிசையில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. கையை இறக்குங்கள் என்று கலைமகள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இருபத்தாறு வருசம் ஆச்சு."

எழுநூறு பேரும் தாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆயிற்று என்றார்கள்.

"வருசா வருசம்... பிள்ளைங்கள எந்திரிச்சு நிக்கச் சொன்னேன்."

"வருசா வருசம்... பிள்ளைங்கள எந்திரிச்சு நிக்கச் சொன்னேன்."

"யாரு என்ன சாதின்னு... எல்லாருக்கும் காட்டிக் குடுத்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் செருமினார். வளவன் போனைக் கீழே இறக்கினான், மற்றவர்களோடு அவனும் கையை நீட்டினான்.

"ஒருத்தர் ஒண்ணு கேட்டாரு... தப்புன்னு தெரிஞ்சும் சரின்னு சொன்னேன்."

பஞ்சநதத்தின் கை நீட்டியபடியே இருந்தது. வாய் மட்டும் பாதி வரியில் நின்றுபோனது. மைதானம் அவருக்கும் சேர்த்துச் சொல்லி முடித்தது.

"கூட இருந்த பிள்ளைக்கு நடந்ததப் பாத்தேன்... பாத்துட்டுப் பேசாம இருந்தேன்."

பத்து பி வரிசையில் குரல் இறங்கியது. எண்ணியவர்களும் சொன்னார்கள், எண்ணாதவர்களும் சொன்னார்கள். முன் வரிசையில் மங்களாம்பிகையின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இனிமே செய்ய மாட்டேன்."

"இனிமே செய்ய மாட்டேன்!"

முடிந்தது. சொல்வதற்கு அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. தாளை மடிக்கப்போனாள். அப்போதுதான் பார்த்தாள், செம்மொழி ஸ்கூட்டர் பக்கத்தில் இல்லை. சுற்றுச்சுவரை ஒட்டி, வரிசைகளுக்குப் பின்னால், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். எழுநூறு முகமும் மேடையைப் பார்த்திருந்தன. அவள் வருவதை ஒருவரும் பார்க்கவில்லை.

பத்து பி வரிசைக்கு இன்னும் நாற்பது அடி இருந்தது. பேச்சு நின்றால் கைகள் இறங்கும். கை இறங்கினால் வரிசை கலையும், எல்லாரும் திரும்புவார்கள். தலைமை ஆசிரியர் போதும் போதும் என்று கை காட்டினார். கலைமகள் அவரைப் பார்க்காமல் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குத் திங்கக்கிழமை."

"இன்னைக்குத் திங்கக்கிழமை!"

"காலையில நான் சாப்பிடல."

"காலையில நான் சாப்பிடல!"

இன்னும் பத்தடி. வேறு எதுவும் தோன்றாமல் உள்ளதைச் சொன்னாள்.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு!" என்று எழுநூறு பிள்ளைகளும் தெம்பாகக் கத்தினார்கள். செம்மொழி வரிசையின் கடைசியில் ஹுமைராவுக்குப் பின்னால் போய் நின்று கையை நீட்டினாள்.